கோடு எழுதுவதை விட்டு ப்ராடக்ட் மேனேஜர் ஆகலாமா?

கேள்வி: 2025 ஜூன் 14

எட்டு வருடமாக ஜாவா. சென்னையில் ஒரு ப்ராடக்ட் கம்பெனி, இப்போது டீம் லீட். எங்கள் ப்ராடக்ட் மேனேஜர் வேலையை விட்டுப் போகிறார். அந்த இடத்துக்கு வருகிறாயா என்று மேனேஜர் கேட்கிறார். சம்பளம் அதேதான். ராத்திரி இரண்டு மணிக்கு அலர்ட் வந்து எழுந்து உட்கார்ந்தே அலுத்துவிட்டது. எம்பிஏ கிடையாது. ஏஐ வந்து கோடு எழுதுகிற வேலையே போய்விடும் என்கிறார்கள். போகலாமா? பதில் சொல்ல ஒரு வாரம் கொடுத்திருக்கிறார்.

ஜூன் 14, இரவு

போகாதீர்கள்.

நான் ஒன்பது வருடமாக பேக்கெண்ட், அதாவது திரைக்குப் பின்னால் ஓடுகிற கோடு எழுதுகிறவள். கடைகளுக்கான பில்லிங் மென்பொருள் செய்கிற சின்ன நிறுவனம். இதுவரை ஐந்து ப்ராடக்ட் மேனேஜர்களோடு வேலை பார்த்திருக்கிறேன். அதில் மூன்று பேர் முன்பு நல்ல டெவலப்பர்கள். மாறிய பிறகு அவர்கள் காலண்டரைப் பார்த்தால் காலை பத்து முதல் மாலை ஆறு வரை மீட்டிங். நாம் ஒரு பக்கைச் சரிசெய்தால் டெஸ்ட் பாஸ் ஆகிறது, மெயின் கோடோடு மெர்ஜ் செய்கிறோம், வீட்டுக்குப் போகிறோம். அவர்களுக்கு ஒரு நாள் அப்படி முடிந்து நான் பார்த்ததில்லை.

உங்கள் கேள்வியில் என் கண்ணில் பட்டது அந்த ராத்திரி இரண்டு மணிதான். அது ஆன்-கால் பிரச்சினை, அதாவது நேரம் காலம் இல்லாமல் கோளாறைப் பார்க்க எழுந்து வர வேண்டிய முறை. முறை வைத்து ஆட்களை மாற்றிப் போடச் சொல்லுங்கள். அலுத்தது வேலையா, கெட்டது தூக்கமா என்று முதலில் பிரித்துப் பாருங்கள்.

ஜூன் 15

நேற்று விட்டது ஒன்று. அந்தப் பதவிக்கு உங்கள் கம்பெனியில் என்ன அர்த்தம் என்று விசாரியுங்கள். ப்ராடக்ட் மேனேஜர், ப்ராடக்ட் ஓனர், ப்ராஜெக்ட் மேனேஜர் என்ற மூன்றையும் நம் ஊரில் கலந்தே பேசுகிறோம். ப்ராஜெக்ட் மேனேஜர் கவலைப்படுவது தேதியைப் பற்றி. ப்ராடக்ட் ஓனர் என்பது ஸ்க்ரம் முறையில் (மென்பொருளைச் சின்னச் சின்னச் சுற்றுகளாகச் செய்கிற முறை) வருகிற ஒரு பொறுப்பு, வேலைப் பட்டியலை வரிசைப்படுத்துவது. ப்ராடக்ட் மேனேஜர் என்றால் எதைச் செய்வது, எதைச் செய்யாமல் விடுவது, ஏன் என்று சொல்ல வேண்டியவர். சர்வீஸ் கம்பெனிகளில் அந்த 'எதை, ஏன்' இரண்டும் வெளிநாட்டு கிளையண்டிடம் இருக்கும். இங்கே உள்ளவர் மீட்டிங்கில் கேட்டதை ஜிரா என்கிற வேலைப் பட்டியல் மென்பொருளில் டிக்கெட்டாக எழுதிக்கொண்டிருப்பார். பதவிப் பெயர் மட்டும் ஒன்றாக இருக்கும்.

போகிறவரிடமே கேட்டுவிடுங்கள்: கடந்த ஆறு மாதத்தில் நீங்கள் வேண்டாம் என்று சொல்லி நின்றுபோன வேலை எது? ஒன்றுகூட இல்லை என்றால் அந்த நாற்காலியில் அதிகாரம் இல்லை.

ஜூன் 17

சம்பளம் பற்றி இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். உள்ளுக்குள்ளேயே மாறினால் பெரும்பாலும் அதே சம்பளம்தான், உங்களுக்குச் சொன்னது போல. வெளியே ப்ராடக்ட் மேனேஜராகத் தேடினால் உங்கள் எட்டு வருடத்தை எட்டாக எண்ண மாட்டார்கள். உள்ளே கிடைப்பது அதனால்தான் பெரிய வாய்ப்பு.

ஜூன் 22

"சுந்தர் பிச்சை மாறவில்லையா?" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அந்த உதாரணம் இங்கே பொருந்தாது. அவர் கரக்பூர் ஐஐடியில் படித்தது உலோகவியல். அப்புறம் வார்ட்டனில் எம்பிஏ, மெக்கின்சியில் ஆலோசகர். 2004-இல் கூகுளில் சேர்ந்ததே ப்ராடக்ட் மேலாண்மைக்குத்தான். டூல்பாரிலும் பிறகு க்ரோமிலும் வேலை பார்த்து மேலே போனார். கோடு எழுதும் நாற்காலியிலிருந்து எழுந்து வந்தவர் இல்லை.

நமக்குப் பொருந்துவது மரிசா மேயர். 1999-இல் கூகுளில் இன்ஜினியராகச் சேர்ந்து, பிறகு ப்ராடக்ட் பக்கம் வந்தவர். 2002-இல் அவர் தொடங்கிய இளநிலை ப்ராடக்ட் மேனேஜர் திட்டம் எடுத்ததும் கல்லூரி முடித்த கம்ப்யூட்டர் பட்டதாரிகளைத்தான். ஆகவே எம்பிஏ இல்லையே என்று வருந்த வேண்டாம்.

ஜூலை 5

சனிக்கிழமை. இன்று நடந்ததை எழுதியே ஆக வேண்டும்.

எங்கள் சப்போர்ட் ஆட்கள் இருவர் லீவு. தாம்பரத்தில் ஒரு மருந்து மொத்தக் கடைக்கு ப்ரிண்டர் பிரச்சினைக்காக என்னை அனுப்பினார்கள். ஒன்பது வருடத்தில் எங்கள் மென்பொருள் ஓடுகிற ஒரு கடைக்குள் நான் போனது இதுவே முதல் தடவை. ப்ரிண்டர் பத்து நிமிடத்தில் சரியாகிவிட்டது. மழை பிடித்துக்கொண்டதால் பில் போடும் அக்கா பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன்.

மானிட்டரின் கீழ் ஓரத்தில் ஒரு துண்டுச் சீட்டை செல்லோடேப் போட்டு ஒட்டியிருந்தார். நீல மையில்:

10+1 = 9.09
5+1 = 16.67
12+1 = 7.69

மருந்து மொத்த வியாபாரத்தில் ஸ்கீம் என்று உண்டு. பத்து ஸ்ட்ரிப் வாங்கினால் ஒன்று இலவசம், அதுதான் 10+1. எங்கள் திரையில் அதற்கென்று 'ஃப்ரீ' என்று ஒரு கட்டம் இருக்கிறது. ஐந்து வருடம் முன்னால் அதை எழுதியது நான்தான். அக்கா அதைத் தொடவே இல்லை. அளவில் 11 என்று அடிக்கிறார், தள்ளுபடியில் 9.09 அடிக்கிறார், தொகை சரியாக வந்துவிடுகிறது. கண் திரையில் இல்லை, கையில் உள்ள ஆர்டர் சீட்டில் இருக்கிறது. ஏன் அக்கா அந்தக் கட்டத்தில் போடவில்லை என்று கேட்டேன். "அதுக்கு நாலு தடவை டேப் கீ அடிக்கணும்மா. ஒரு பில்லுக்கு முப்பது வரி இருக்கு" என்றார்.

பிறகு முதலாளி உள்ளே கூப்பிட்டு ஒரு நோட்டைக் காட்டினார். எத்தனை ஸ்ட்ரிப் இலவசமாகப் போனது என்று மருந்து கம்பெனிக்குக் கணக்குக் கொடுத்தால்தான் அவருக்கு அந்தச் சரக்கு திரும்பக் கிடைக்கும். எங்கள் ரிப்போர்ட்டில் ஃப்ரீ என்ற இடத்தில் எல்லாம் பூஜ்யம். மாதக் கடைசியில் இரண்டு ராத்திரி உட்கார்ந்து பில் பில்லாகப் பார்த்து நோட்டில் எழுதுகிறார். நாலு வருடமாக.

வீட்டுக்கு வந்ததும் டிக்கெட் பட்டியலில் தேடினேன். ஃப்ரீ கட்டம் பற்றி ஒரு புகார்கூட இல்லை.

ஜூலை 6

தூக்கம் வரவில்லை. ஜூன் 14-இல் 'போகாதீர்கள்' என்று எழுதியதை அப்படியே விட்டுவைக்கிறேன், ஆனால் அதில் இப்போது எனக்கு உறுதி இல்லை. மீட்டிங்கில் உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்து அதுதான் வேலை என்று நினைத்துவிட்டேன். அந்த ஐந்து பேரில் எத்தனை பேர் கடையில் உட்கார்ந்தார்கள் என்று எனக்குத் தெரியாது, கேட்டதும் இல்லை.

இந்த வேலையின் வேர் சோப்புக் கம்பெனியில் இருக்கிறது. 1931-இல் ப்ராக்டர் அண்ட் கேம்பிளில் நீல் மெக்கெல்ராய் என்ற இளைஞர் கேமே சோப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதே கம்பெனியின் ஐவரி சோப்பு முன்னால் கேமே எடுபடவில்லை. ஒவ்வொரு பிராண்டுக்கும் அதை மட்டுமே கவனிக்கிற ஆள் வேண்டும் என்று மேலிடத்துக்கு ஒரு குறிப்பு எழுதினார். விற்பனை எங்கே நன்றாக இருக்கிறது, எங்கே படுத்துவிட்டது என்று களத்துக்கே போய்ப் பார்ப்பது அந்த ஆளின் வேலை. பின்னாளில் மெக்கெல்ராய் அமெரிக்காவின் பாதுகாப்பு அமைச்சராகவும் இருந்தார்.

அதே சோப்புக் கம்பெனியில் வேலை பார்த்த ஸ்காட் குக்தான் 1983-இல் இன்ட்யூட்டைத் தொடங்கியவர்களில் ஒருவர். கணக்கு மென்பொருள் கம்பெனி, எங்கள் தொழில்தான். அங்கே மென்பொருள் வாங்கியவரோடு அவர் வீட்டுக்கே போய், அவர் அதைப் பிரித்துப் பயன்படுத்துவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பார்கள். நேற்று மழையால் எனக்கு வாய்த்ததை அவர்கள் வழக்கமாகவே வைத்திருந்தார்கள்.

ஜூலை 19

ஃப்ரீ கட்டத்தை அளவுக்குப் பக்கத்திலேயே கொண்டுவந்து வைத்தேன். இரண்டு நாள் வேலை. இந்த வாரம் வெளியே போனது. தாம்பரம் முதலாளி போன் போட்டுப் பாராட்டினார்.

மூன்றாம் நாள் சில்லறைக் கடைகளிலிருந்து புகார் வர ஆரம்பித்தது. மளிகைக் கடையில் ஸ்கீமே கிடையாது. இப்போது ஒவ்வொரு வரியிலும் தேவையில்லாமல் ஒரு என்டர் கூடுதல். எங்கள் மென்பொருளே பொதுக் கடைகளுக்காக எழுதியது, மருந்துக் கடைகள் பின்னால் வந்து சேர்ந்தவை. ஒரு கடையைப் பார்த்த வேகத்தில் எல்லாக் கடையும் அதுதான் என்று நினைத்துவிட்டேன். நேற்று அதைக் கடை வகைக்கு ஏற்ப மாறும்படி செய்து அனுப்பினோம். ஜூலை 5 குறிப்பைப் படித்து உற்சாகமாகிறவர்கள் இதையும் சேர்த்துப் படியுங்கள்.

ஆகஸ்ட் 2

கேள்வி கேட்டவர் ஒரு வாரத்தை நீட்டிக்கொண்டே போய், இன்னும் யோசித்துக்கொண்டிருப்பதாக எழுதியிருக்கிறார். அதற்குள் என் கதை மாறிவிட்டது. எங்கள் கம்பெனியில் ப்ராடக்ட் மேனேஜராக வருகிறாயா என்று என்னைக் கேட்டார்கள், சரி என்றேன். திங்கட்கிழமை முதல்.

நான் கேட்டு வாங்கியவற்றைச் சொல்கிறேன், உங்களுக்கும் உதவலாம். ஆறு மாதம் பரிசோதனை. முடியவில்லை என்றால் அதே கிரேடு, அதே சம்பளத்தில் டெவலப்பராகத் திரும்பி வருவேன். இதை வாய்வார்த்தையாக விடாமல் மின்னஞ்சலில் எழுதி வாங்கினேன். மாதம் இரண்டு நாள் கடைகளில் இருப்பேன், அந்த நாட்களில் மீட்டிங் வைக்கக் கூடாது. அப்புறம், என் பழைய மாட்யூலை, அதாவது நான் கவனித்து வந்த கோடு பகுதியை, நான் ரிவியூ செய்ய மாட்டேன். இந்தக் கடைசி நிபந்தனையை நானே போட்டுக்கொண்டேன். அதை விட முடியாமல் பிடித்துக்கொண்டிருந்தால், என் இடத்துக்கு வந்த பையன் எந்தக் காலத்திலும் அதைத் தனது என்று நினைக்க மாட்டான்.

ஆகஸ்ட் 9

"ஏர்பிஎன்பி ப்ராடக்ட் மேனேஜர்களை எல்லாம் தூக்கிவிட்டது, நீங்கள் மூழ்குகிற கப்பலில் ஏறுகிறீர்கள்" என்று ஒருவர். 2023-இல் அந்தத் தங்குமிட வாடகைக் கம்பெனியின் தலைவர் ப்ரையன் செஸ்கி பேசியது அப்படித்தான் பரவியது. அவர் சொன்னது, அந்தப் பொறுப்பை ப்ராடக்ட் மார்க்கெட்டிங்கோடு சேர்த்துவிட்டோம் என்பது. ஆட்களை ஒழித்துவிட்டோம் என்பதல்ல.

ஏஐ பற்றி எனக்குத் தெரிந்த அளவில்: இந்த வாரம் ஒரு புதுத் திரையின் மாதிரியை ஏஐயிடம் சொல்லி ஒரே மாலையில் செய்து கடைக்கு எடுத்துப் போனேன். முன்பானால் ஒரு டெவலப்பரிடம் மூன்று நாள் கெஞ்ச வேண்டியிருக்கும். அக்கா இரண்டு நிமிடம் தட்டிப் பார்த்துவிட்டு, பழையதே தேவலை என்றார். மாதிரியைத் தூக்கிப் போட்டேன். நான் ஸ்டூலில் உட்கார்ந்திருந்த நேரத்தை மட்டும் எந்தக் கருவியும் குறைக்கவில்லை.

செப்டம்பர் 4

நேற்று இரவு ஜிஎஸ்டி அறிவிப்பு. 12, 28 அடுக்குகள் போகின்றன. 22-ஆம் தேதி முதல் அமல். பத்தொன்பது நாள். பிறகு வருகிறேன்.

செப்டம்பர் 14

டெவலப்பராக இருந்திருந்தால் இந்த மாற்றத்தை ஒன்றரை நாள் வேலை என்று சொல்லியிருப்பேன். வரி அட்டவணையில் விகிதத்தோடு 'எந்தத் தேதியிலிருந்து' என்பதும் இருக்கிறது, புது வரி சேர்த்தால் முடிந்தது. டீமும் அப்படியே சொல்லி, அப்படியே முடித்தார்கள். பெரும்பாலான மருந்துகள் 12-இலிருந்து 5-க்கு வருகின்றன, 33 உயிர்காக்கும் மருந்துகளுக்கு வரியே இல்லை. பட்டியலை ஏற்றியாயிற்று.

நேற்று தாம்பரத்தில் உட்கார்ந்திருந்தேன். ஒரு மெடிக்கல் ஷாப் பையன் கட்டைப் பை நிறைய காலாவதி ஸ்ட்ரிப்களைக் கொண்டுவந்து கவுண்டரில் கொட்டினான். பில் நம்பர் எதுவும் இல்லை. அக்கா ஒவ்வொன்றாக எடுத்து ரிட்டர்ன் போட ஆரம்பித்தார். அப்போதுதான் எனக்குப் பொறி தட்டியது. 22-க்குப் பிறகு இதே பை வந்தால், பில் நம்பர் இல்லாததால் எங்கள் மென்பொருள் அன்றைய தேதியைப் பார்த்து 5 சதவீதம் போடும். ஆனால் ஜூலையில் விற்றது 12-இல். பழைய பில்லுக்கு கிரெடிட் நோட் (திரும்பி வந்த சரக்கின் தொகையைக் கழித்துக் கொடுக்கிற சீட்டு) போட்டால் பழைய விகிதம்தான் போட வேண்டும். ஒவ்வொரு ஸ்ட்ரிப்பிலும் ஏழு சதவீதம் யாருடைய பையிலிருந்தோ போகும்.

ஸ்ட்ரிப்பைத் திருப்பிப் பார்த்தேன். பேட்ச் நம்பர் இருக்கிறது. அந்தப் பேட்ச் அந்தக் கடைக்குக் கடைசியாக எந்த பில்லில் போனது என்று தேடினால் விகிதம் கிடைத்துவிடும். அங்கிருந்தே டீமுக்குப் போன் போட்டேன். இதற்கு நாலு நாள் ஆகும் என்றார்கள். இதைச் செய்கிறோம்.

அப்படியென்றால் இன்னொன்றைச் செய்ய முடியாது. அதைத்தான் இந்தக் குறிப்பில் சொல்ல வந்தேன்.

வரி குறைவதால் ஒவ்வொரு மருந்து கம்பெனியும் புது எம்ஆர்பி பட்டியல் அனுப்புகிறது. பெரும்பாலும் பிடிஎஃப். அதை மென்பொருளே படித்து விலையை மாற்றிக்கொள்ள வேண்டும் என்று தாம்பரம் முதலாளி கேட்டார். நியாயமான கோரிக்கை. ஆளுக்கொரு வடிவத்தில் வருகிற பிடிஎஃப், ஒரு விலை தப்பாகப் படித்தாலும் கடைக்காரர் மாட்டிக்கொள்வார். 22-க்குள் முடியாது, எக்செல்லில் ஏற்ற வழி செய்து தருகிறேன் என்று சொன்னேன்.

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். "ஏம்மா, நீ இங்கயே உட்கார்ந்து பார்க்கிற. நீயும் முடியாதுன்னா எப்படி?" என்றார். பக்கத்தில் அக்கா ஒன்றும் சொல்லாமல் பில் போட்டுக்கொண்டிருந்தார். அந்தப் பட்டியல்களை எக்செல்லில் அடிக்கப்போவது அவர்தான்.

டெவலப்பராக ஒன்பது வருடம் 'இது முடியாது' என்று நூறு தடவை சொல்லியிருப்பேன். கேட்டவர் ப்ராடக்ட் மேனேஜர், அவரும் என் மாதிரி ஏசி அறையில் இருந்தார். முகம் தெரிந்தவரிடம் சொல்வது நேற்றுதான் முதல் தடவை.

செப்டம்பர் 22

காலை ஒன்பதரை முதல் கவுண்டரில் இருந்தேன். முதல் பில்லில் 5 வந்தது. பதினொன்றுக்கு ஒரு ரிட்டர்ன் பை வந்தது. பேட்ச் அடித்ததும் 12 வந்தது. அக்கா இரண்டு ராத்திரி எக்செல் அடித்திருக்கிறார், கண் சிவந்திருக்கிறது. முதல் வேலையாக அவருக்கு டீ வாங்கி வந்தேன்.

அக்டோபர் 26

தீபாவளி முடிந்து நிதானமாக எழுதுகிறேன். இழந்தவற்றையும் சொல்ல வேண்டும்.

டெஸ்ட் பாஸ் ஆனதும் மாலை ஆறு மணிக்கு வருகிற அந்தப் பச்சை டிக் எனக்கு இல்லாமல் போய்விட்டது. வாரத்தில் மூன்று நாள், இன்று என்ன செய்தாய் என்று வீட்டுக்காரர் கேட்டால் ஒரு வாக்கியத்தில் பதில் சொல்ல முடியவில்லை. கோடு எழுதும் கை மெல்ல மந்தமாகிறது. போன வாரம் பழைய ஃபைலைத் திறந்தேன், நான் எழுதிய லாஜிக்கைப் புரிந்துகொள்ளவே இருபது நிமிடம். இரண்டு வருடம் கழித்து வெளியே டெவலப்பர் இன்டர்வியூ போனால் அல்காரிதம் சுற்றுக்கு மறுபடி முதலிலிருந்து படிக்க வேண்டியிருக்கும். இதைப் பெரிய விஷயமில்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

ஜூன் 14-இல் சொன்ன ஒன்றில் மட்டும் இன்னும் உறுதியாக நிற்கிறேன். அலர்ட்டுக்குப் பயந்து மாறாதீர்கள். இங்கேயும் ராத்திரி தூக்கம் போகிறது. அலர்ட்டையாவது அணைத்துவிடலாம். "நீயும் முடியாதுன்னா எப்படி" என்பதை எப்படி அணைப்பது?

டிசம்பர் 7

கேள்வி கேட்டவர் எழுதியிருக்கிறார். போகவில்லையாம். ஆன்-காலை நாலு பேருக்குப் பிரித்துவிட்டார்கள், நன்றாகத் தூங்குகிறாராம், இப்போது கோடு எழுதப் பிடிக்கிறது என்கிறார். படித்ததும் நிஜமாகவே மகிழ்ச்சி. நான் ஜூலையில் எழுதியதைப் படித்துவிட்டு அவர்கள் மென்பொருள் ஓடுகிற ஒரு லாரி ஆபீசுக்கும் போய் வந்தாராம். "எனக்கு அங்கே உட்காரப் பொறுமை இல்லை, ஆனால் பார்த்ததை வைத்து மூன்று பக் சரிசெய்தேன்" என்று எழுதியிருக்கிறார். அவருக்குச் சரியான முடிவு.

2026 ஜனவரி 24

ஆறு மாதம் இன்னும் பத்து நாளில் முடிகிறது. திரும்பிப் போகிறாயா என்று மேனேஜர் கேட்டார். இல்லை என்றேன். யோசிக்கவே இல்லை.

இன்று தாம்பரம் போனேன். மானிட்டரில் அந்தச் சீட்டு அப்படியே இருக்கிறது. ஃப்ரீ கட்டத்தை அக்கா இப்போது பயன்படுத்துகிறார், முதலாளியின் நோட்டும் அலமாரிக்குப் போய்விட்டது. அப்புறம் இது எதற்கு என்று கேட்டேன்.

"அரை ஸ்கீம்" என்றார்.

சின்னக் கடைக்காரர் பத்து வாங்க மாட்டார், ஐந்துதான் வாங்குவார். ஸ்கீமில் பாதி தாருங்கள் என்பார். அரை ஸ்ட்ரிப்பை வெட்டிக் கொடுக்க முடியாது. ஐந்துக்கு 9.09 தள்ளுபடி போட்டால் ஐந்தரை வாங்கியவருக்கு அடக்கம் என்ன வருமோ அதே விலை வந்துவிடும். மனசுக்குள் போட்டுப் பார்த்தேன், மிகச் சரியான கணக்கு. நாலு டேப்பைத் தவிர்க்கத்தான் அந்தச் சீட்டு என்று ஜூலையில் எழுதிவிட்டேன். பாதிதான் உண்மை.

இப்படி அரையாகப் போனதற்கும் கம்பெனியிடம் கணக்குக் கேட்க முடியுமா என்றேன். முதலாளி சிரித்துக்கொண்டே அலமாரியைத் திறந்து இன்னொரு நோட்டை எடுத்தார். அதை வாங்கி நாற்பது பக்கம் போனில் படம் எடுத்துக்கொண்டு வந்திருக்கிறேன். அடுத்த சனிக்கிழமைக்குள் மருந்துக் கடை வைத்திருக்கிற இன்னும் மூன்று பேரிடம் இதே கேள்வியைக் கேட்க வேண்டும். மளிகைக் கடைக்காரர்களிடமும் ஒரு வார்த்தை.